கோயிலுக்கு கவுனா, வெள்ளைப் பட்டா?

வடசென்னையில் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்தால், மண்டபம் பேசுவதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். கோயிலுக்கு, அதாவது சர்ச்சில் நடக்கும் கல்யாணப் பூசைக்கு, கவுன் போடப் போகிறாளா, வெள்ளைப் பட்டு கட்டப் போகிறாளா? நான் பட்டு கட்டினேன். ஈஸ்டர் முடிந்த பிறகு, மே மாதத்தில், ராயபுரத்தில் கல்யாணம். அதிலிருந்து சொந்தத்தில் யாருக்குப் பேசி முடித்தாலும் ஃபோன் எனக்குத்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது. நான் பட்டுக் கட்சி என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எதிரில் இருப்பவை நான்கு: துணி எடுத்து அளவு கொடுத்துத் தைக்கும் கவுன், வாடகை கவுன், வெள்ளை அல்லது ஹாஃப் ஒயிட் காஞ்சிபுரம் பட்டு, அப்புறம் லெஹங்கா. லெஹங்காவை இப்போதே ஓரம் கட்டிவிடுகிறேன். சவுகார்பேட்டையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மின்ட் தெரு பக்கம் போனால் வெள்ளையிலும் லெஹங்கா கிடைக்கும். ஆனால் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்தவரை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. சாயங்கால ரிசப்ஷனுக்கு அது அழகு. கோயிலுக்கு என்று வந்தால் போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

பார்வைக்கு எது நன்றாக இருக்கும் என்பதில் நேரம் செலவழிக்க மாட்டேன். கவுனில் எடுத்த படம் கவுன் படம் மாதிரி இருக்கும், புடவையில் எடுத்தது புடவைப் படம் மாதிரி இருக்கும். உயரமாக இருப்பவருக்கு கவுன் தூக்கிக் காட்டும் என்பார்கள். நல்ல மடிப்பு வைத்துக் கட்டிய பட்டும் அதைச் செய்யும். தலையில் போடும் முட்டாக்கு நெட், கிரீடம், கையுறை, பொக்கே எல்லாம் இரண்டுக்கும் பொது. அவற்றை பாரிஸ் கார்னர் பக்கம் போய் வாங்கினால் கல்யாணக் கடைகளில் சொல்லும் விலையில் பாதிகூட ஆகாது.

பணத்தை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் விசாரிக்கப் போன இடத்தில் எனக்கே புதிதாக இருந்த விஷயம் இது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய்க்கு மேல் போகும் ரெடிமேட் உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பட்டுப் புடவை தைக்காத துணிக் கணக்கில் வருவதால் என்ன விலையானாலும் 5 சதவீதம்தான். கல்யாண கவுன் எதுவும் 2,500க்குள் கிடைக்கப் போவதில்லை. ஆக, 20,000 ரூபாய்க்கு பில் போட்டு ஒரு ரெடிமேட் கவுன் எடுத்தால் வரி மட்டும் 3,600. அதே விலைப் புடவைக்கு 1,000. இந்த வித்தியாசத்தில் பிளவுஸ் தையல் கூலி அடங்கிவிடும். தெரிந்த டெய்லரிடம் துணி கொடுத்துத் தைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

எங்கள் பக்கம் பெண்ணின் கோயில் உடையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதனால் பெண் மட்டும் முடிவு செய்கிற விஷயமாக இது இருப்பதில்லை. என் மாமியார் கவுன் பக்கம் சாய்ந்தார். பேத்தி வரைக்கும் காட்டுகிற மாதிரி படம் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. என் அம்மா ஒரே வரியில் முடித்தார்: "ஒரு நாள் கூத்துக்கு எதுக்குடி மீசைய எடுக்கணும்?" இந்த இரண்டு வாதமுமே என்னை நகர்த்தவில்லை. நகர்த்தியது முதலில் வெயில், அதன்பிறகு சாயம்.

வெயிலை முதலில் முடித்துவிடுகிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நாற்பது நாளும் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாக வரிசையில் நிற்பார்கள். விளைவு, ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் முகூர்த்த நெரிசல். அக்னி நட்சத்திரமும் அப்போதுதான். கோயிலுக்குள் ஃபேன் இருக்கிறது, ஆனால் பீடத்துக்கு முன்னால் மணப்பெண் உட்காரும் இடத்தில் வீடியோக்காரர் விளக்கும் இருக்கிறது. கவுனுக்கு எடுக்கும் சாட்டின், நெட், உள்ளே லைனிங், அதற்கும் கீழே பாவாடையை விரித்து நிறுத்தும் கேன்கேன், எல்லாமே பெரும்பாலும் பாலியஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, காற்றையும் விடாது. பட்டும் சூடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பட்டுக்கு உள்ளே காட்டன் பாவாடை கட்டலாம், இடுப்புப் பக்கம் கொஞ்சம் காற்று போகும்.

முழந்தாளிடுவது இன்னொன்று. பூசையில் முழந்தாளிட்டு எழ வேண்டிய நேரங்கள் உண்டு. கேன்கேன் வைத்த கவுனில் அதைச் செய்ய தோழிப்பெண் இரண்டு பக்கமும் தூக்கிவிட வேண்டும். தாலி கட்டும் இடத்தில்தான் வேடிக்கை. கழுத்துவரை நெட் வைத்த கவுன், அதற்கு மேல் முட்டாக்கு, பின்னால் வரிசையாகக் கிளிப். மாப்பிள்ளை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடுவார், நாத்தனார் உதவிக்கு வருவார், சாமியார் பொறுமையாக நிற்பார். மஞ்சள் கயிறு கட்டுகிற குடும்பம் என்றால், வியர்த்த கழுத்தில் அந்த மஞ்சள் இறங்கி வெள்ளை நெட்டில் ஒட்டும். சாட்டினில் ஏறிய மஞ்சள் கறை லேசில் போவதில்லை. பட்டுப் புடவையிலும் அது ஏறத்தான் செய்யும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது.

அந்த வழிதான் சாயம். என் முடிவில் முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

யோசித்துப் பாருங்கள். நம்மில் கல்யாணமான பெண், வெள்ளைப் பட்டை மறுபடி எங்கே கட்டுவாள்? பண்டிகைக்குக் கட்டினால் பெரியம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். மற்றவர் கல்யாணத்துக்குக் கட்டினால் மணப்பெண்ணுக்குப் போட்டியாக வந்த மாதிரி ஆகும். கிறிஸ்துமஸ் பூசைக்கு ஒருமுறை கட்டலாம், அவ்வளவுதான். இதைச் சொல்லித்தான் கவுன் கட்சிக்காரர்கள் வாதாடுவார்கள்: "வெள்ளைப் பட்டும் ஒரு நாள் கூத்துதானே?" வெள்ளையாகவே வைத்திருந்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் அம்மா காலத்திலிருந்து செய்வது இதுதான்: ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதைச் சாயத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவின் கல்யாணப் புடவை இன்று கத்தரிப்பூ நிறம். என் தம்பியின் முதல் நற்கருணைக்கு அதைத்தான் கட்டியிருந்தார். தெரியாதவர் யாரும் அது ஒரு காலத்தில் வெள்ளை என்று சொல்ல முடியாது.

பட்டு, கம்பளி மாதிரி, விலங்கு நார். லேசான அமிலம் கலந்த சுடுநீரில், கொதிநிலைக்குக் கீழேயே, சாயத்தை இழுத்துக்கொள்ளும். சின்ன சாயப் பட்டறையில் ஓர் அண்டா, அடுப்பு, கை பக்குவம் இருந்தால் போதும். பாலியஸ்டர் அப்படியில்லை. அதற்கு வேறு வகைச் சாயம் வேண்டும், அதுவும் அழுத்தம் கொடுக்கும் மெஷினில் 130 டிகிரி வரை போனால்தான் நிறம் சரியாக ஏறும். உங்கள் சாட்டின் கவுனை எந்த பட்டறைக்காரரும் கையில் தொட மாட்டார். தொட்டாலும் லேஸ் ஒரு நிறம், நெட் ஒரு நிறம், ஜிப் ஒரு நிறம் என்று வரும். அதாவது கவுன் கடைசிவரை வெள்ளை கவுன்தான். பட்டு அடுத்த பிறவி எடுக்கும்.

வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் கப்பலேற்றும் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை அது. இன்றும் அங்கே எம்.சி. ரோட்டில் புடவை எடுத்தால், பாலிஷ், ரோலிங், சாயம் என்று போர்டு வைத்தவர்களை விசாரித்துக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. சாயம் ஏற்றும் கூலி, புதுப் புடவை விலையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பின்னால் சாயம் போடப் போகிறோம் என்பதை மனதில் வைத்து முன்னால் புடவை எடுத்திருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்திருக்கும்போது இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்குச் சொன்னவர், அம்மாவின் புடவைக்குச் சாயம் போட்டவருடைய மகன். இப்போது தொழிலைப் பார்ப்பவர் அவர்தான். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

உடலும் பார்டரும் ஒரே வெள்ளையில் நெய்து, மேலே சரிகை மட்டும் ஓடும் புடவையாக எடுங்கள். ஹாஃப் ஒயிட் உடலுக்கு அரக்கு பார்டர், பச்சை பார்டர் என்று கோர்வை போட்ட புடவை கண்ணைப் பறிக்கும். ஆனால் அண்டாவில் போட்டால் பார்டர் நிறத்தின் மேலும் புதுச் சாயம் ஏறி மங்கலாகக் குழம்பும். புட்டாவுக்கு நடுவில் சிவப்பு, பச்சை நூலில் மீனா வேலை செய்ததும் இதே கதிதான். வெள்ளையின் மேல் எந்த நிறமும் ஏறும். நிறத்தின் மேல் அதைவிட அடர்த்தியானதுதான் ஏறும்.

அடுத்தது சரிகை. இங்கேதான் பணம் இருக்கிறது. சுத்தச் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் சரிகையில் உள்ளே இருப்பது செம்பு. மேலே வெள்ளிப் பூச்சும் தங்க நிறமும். மூன்றாவது, பளபளக்கும் பிளாஸ்டிக் சரிகை. சுடுநீரையும் அமிலத்தையும் சுத்தச் சரிகை தாங்கும். டெஸ்டட் சரிகை தாங்கினாலும் தாங்கும், நிறம் இறங்கினாலும் இறங்கும், "கேரண்டி கேட்காதீங்கம்மா" என்றார். பிளாஸ்டிக் சரிகை சூட்டில் சுருங்கி, பார்டர் ஓரம் நெளிந்துபோகும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் சில்க் மார்க் சீட்டு. 2004இல் வந்த அந்த முத்திரை, துணி அசல் பட்டுதான் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். சரிகை சுத்தமா டெஸ்டட்டா என்பதைப் பற்றி அது பேசாது. சீட்டைக் காட்டி "பியூர்ங்க" என்று சொன்னால், "பட்டு பியூர், சரிகை என்ன?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டவுடன் கடைக்காரர் முகத்திலேயே பாதி பதில் கிடைத்துவிடும். கோ-ஆப்டெக்ஸிலும் காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் இதைக் கேட்டால் சங்கடப்படாமல் சொல்கிறார்கள். நான் காஞ்சிபுரமே போய்விட்டேன். இங்கிருந்து எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். வெள்ளையில் இங்கே காட்டியதைவிட நிறைய வகை அங்கே பார்த்தேன். எம்.சி. ரோட்டில் வெள்ளைப் பட்டு கேட்டால் கடைப்பையன் மாடிக்குப் போய்த் தேடி எடுத்து வருவான், நாலைந்துதான் விரிப்பான். மற்ற நிறங்களுக்கு அந்தத் தெருவைக் குறை சொல்ல மாட்டேன்.

2025இல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் சுத்தச் சரிகைப் புடவை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எல்லோரும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்ஜெட் இடிக்கிறதா? பெரிய பார்டர் வைத்த டெஸ்டட் சரிகைப் புடவையைவிட, விரல் அளவு பார்டரில் சுத்தச் சரிகை வைத்ததை எடுங்கள். கோயிலுக்கு மெல்லிய பார்டர்தான் எடுப்பாக இருக்கும்; எப்படியும் பாதி முட்டாக்குக்குள் போய்விடும்.

வெள்ளி நிறச் சரிகையா, தங்க நிறமா? வெள்ளைப் புடவைக்கு வெள்ளி நிறம்தான் பொருத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வெளிர் தங்கம் எடுத்தேன், இரண்டு காரணத்துக்காக. பின்னால் அரக்கு, மயில் கழுத்து, மெரூன் எந்த நிறம் ஏற்றினாலும் தங்கம் ஒத்துப்போகும். வெள்ளி நிறம் நீலத்துக்கும் ஊதாவுக்கும் போகும், அரக்கில் அவ்வளவாக எடுபடாது. இரண்டாவது, நாங்கள் இருக்கும் இடம். வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால். ஒரு பக்கம் கடல், வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ வீடு இருப்பவர்கள் வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். முலாம் இல்லாத வெள்ளிச் சரிகைக்கும் அதே நிலைமைதான். தங்க முலாம் ஓரளவு காக்கும்.

வெள்ளை என்று எடுக்கும்போது எந்த வெள்ளை என்பதையும் பாருங்கள். கடை டியூப்லைட்டில் எல்லாம் வெள்ளைதான். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்தால்தான் சந்தன நிறமா, ஹாஃப் ஒயிட்டா, சுத்த வெள்ளையா என்பது தெரியும். பட்டின் இயல்பான வெள்ளையில் லேசாக மஞ்சள் ஓடும். முட்டாக்கு நெட்டோ வெளுப்பு ஏற்றிய செயற்கை இழை; வெயிலிலும் ஃபிளாஷிலும் நீலம் தட்டும். சந்தனப் பட்டின் மேல் அந்த நெட்டைப் போட்டால் புடவை பழசு மாதிரி படத்தில் விழும். நல்ல பட்டை எடுத்துவிட்டு இதில் கோட்டை விட்டவர்கள் நிறைய. புடவையில் ஒரு நூலை உருவிக் கையில் வைத்துக்கொண்டுதான் நெட் எடுக்கப் போக வேண்டும். ஐவரி நெட் என்று கேட்டால் தருகிறார்கள்.

இனி பிளவுஸ். புடவையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்ட வேண்டாம், அப்படியே மடித்து வையுங்கள். கல்யாணத்துக்கு வேறு வெள்ளைத் துணியில் ஆரி வேலை செய்து தைத்துக்கொள்ளுங்கள். மணியும் கல்லும் வைத்த பிளவுஸைச் சாயத்தில் போட முடியாது. ஒதுக்கி வைத்த துணி பின்னால் புடவையோடு ஒரே அண்டாவில் இறங்கினால் அச்சு அசல் அதே நிறத்தில் பிளவுஸ் கிடைக்கும். அதேபோல சாயத்துக்குக் கொடுக்கும் முன் ஃபால்ஸைப் பிரித்துவிட வேண்டும். ஃபால்ஸ் தைத்த நூல் சாயம் பிடிக்காமல் அரக்குப் புடவை ஓரத்தில் வெள்ளைத் தையலாக நிற்கும்.

புடவைக்கு நேராக சென்ட் அடிக்காதீர்கள். சென்ட்டும் வியர்வையும் பட்ட இடத்தில் சாயம் வேறு மாதிரி பிடித்து, திட்டாகத் தெரியும். கல்யாணம் முடிந்த வாரத்திலேயே ட்ரை வாஷுக்குக் கொடுத்து, அதன்பிறகு வெள்ளை காட்டன் வேட்டியில் சுற்றி வைப்பது நல்லது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஹேங்கர் வேண்டாம், பூச்சி உருண்டை புடவையில் படவே கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். வெள்ளைப் பட்டு பீரோவில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கும், அதைத் தடுக்க முடியாது. அதனால் பத்து வருஷம் பொத்தி வைப்பதில் லாபமில்லை. பழுப்பையும் அந்த மஞ்சள் கயிற்றுக் கறையையும் அரக்குச் சாயம் மூடிவிடும்.

என்னுடையது இப்போது அரக்கு. மகளின் ஞானஸ்நானத்துக்குக் கட்டினேன், பிறகு நாத்தனார் வளைகாப்புக்கும். உள்பக்கம் உற்றுப் பார்த்தால் முந்தானை மடிப்பில் ஒரே ஒரு இடத்தில் நிறம் கொஞ்சம் கம்மி, வேறு குறை இல்லை. இது ஒரே புடவையின் அனுபவம், சாயம் போட்டு அதிக நாளும் ஆகவில்லை. அம்மாவின் கத்தரிப்பூ புடவைதான் நீண்ட கால சாட்சி. அது மடிப்பு ஓரங்களில் வெளுத்திருக்கிறது, கிழியவில்லை.

விற்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: சுத்தச் சரிகைப் புடவை கிழிந்தே போனாலும் வெள்ளிக்காக எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். வாங்கிய விலையில் சின்னப் பங்குதான் கிடைக்கும், அதிலும் டெஸ்டட் சரிகைக்கு மதிப்பே போடமாட்டார்கள். கவுனுக்கு அதுவும் கிடையாது. சித்தி பெண் தன் கவுனை ஆன்லைனில் விற்கப் போட்டாள். விசாரித்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "வாடகைக்குத் தருவீங்களா?"

அதுதான் விஷயம். கவுன் என்றால் வாடகைதான். தைக்கும் கவுனுக்கு நல்ல டெய்லர் சொன்ன தொகையில் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோதான் வாடகைக்கு என்னிடம் சொன்னார்கள், அதோடு முன்பணம் ஒன்று. பின்னால் லேஸ் கோர்த்து இழுத்துக் கட்டும் மாடலாக இருந்தால் உடம்புக்குத் தகுந்தபடி இறுக்கவும் விடவும் முடியும்; ஜிப் மாடல் என்றால் ஆல்டர் செய்ய விடமாட்டார்கள். உயரம்தான் சிக்கல். நீளமாக இருப்பதை ஹீல்ஸ் போட்டுச் சரிக்கட்டலாம், குட்டையாக இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. எடுத்துப் பார்க்கும்போது அக்குள் பக்கமும் அடி ஓரமும் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். பழைய கறை இருந்தால் ஃபோனில் படம் பிடித்து, கடைக்காரருக்கே அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சித்தி பெண்ணின் தோழிக்கு, கோயில் வாசல் சேறு அடி ஓரத்தில் பட்டதற்காக ஒரு கடையில் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நம் தெருக்களில், பின்னால் இழுபடும் ட்ரெயில் வைத்த கவுன் தரையில் படாமல் காரிலிருந்து பீடம் வரை போகும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ட்ரெயில் இல்லாததாக எடுங்கள், அல்லது கழற்றி மாட்டுகிற ட்ரெயிலாக.

தைக்கும் கவுன் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கைவைத்தது, கழுத்து மூடியது என்று உடைக்கு ஒழுங்கு வைத்திருக்கும் பங்குக் கோயில்களில், வாடகைக் கடையில் இருக்கும் மாடல் பெரும்பாலும் ஒத்துவராது. அங்கே தைப்பதுதான் வழி. பெரம்பூர் பக்கம் தலைமுறையாக கவுன் தைக்கும் டெய்லர்கள் உண்டு. அவர்களின் வெட்டு வேறு, ரெடிமேட் கவுன் கிட்டவே வராது. தைத்தே தீருவேன் என்பவர்கள் பாவாடைப் பகுதியில் பாலியஸ்டர் சாட்டினுக்குப் பதில் பட்டு வைத்துத் தைத்தால், பின்னால் பிரித்து குழந்தையின் ஞானஸ்நான உடை தைக்கலாம், சாயமும் போடலாம். செலவு கூடும். நான் செய்து பார்க்கவில்லை, தைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மற்ற சபைக்காரர்கள் கேட்கிறார்கள். சிஎஸ்ஐயிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், கவுன் கொஞ்சம் அதிகம். நகை போடாத பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் வெள்ளைப் புடவைதான் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. சரிகை இல்லாத வெள்ளைப் பட்டு எடுப்பவர்கள் சாய விஷயத்தில் என்னைவிட அதிர்ஷ்டசாலிகள், கறுக்க ஒன்றுமில்லை, அண்டாவில் போட பயமுமில்லை.

மாப்பிள்ளை வீட்டில் கவுன் என்று முடிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்பவர்களுக்கு: ஈஸ்டருக்குப் பின் தேதி என்றால் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் வரை காத்திருக்காதீர்கள், அதற்குள் நல்ல கவுன்கள் எல்லாம் அந்த சனி ஞாயிறுகளுக்குப் போயிருக்கும். தேதி உறுதியானதும் பதிந்துவிடுங்கள். ரசீதில் எடுக்கும் நாள், திருப்பும் நாள், முன்பணம், ட்ரை வாஷ் யார் செலவு என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். மறுநாள் கவுனைத் திருப்பிக் கொடுக்க ஒரு தம்பியையோ மச்சானையோ இப்போதே பிடித்து வையுங்கள். மறுவீட்டு விருந்து நடக்கும் நேரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக யாரும் முன்வர மாட்டார்கள்.